மாறாத தரவு ஏன் மாறவில்லை, ஏன் மாறிவிட்டது: ஆத்தங்குடி ஆர்டர் நிரலை வைத்து ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றுக்காகக் காரைக்குடியில் எழுதப்பட்ட ஆர்டர் நிரல்தான் இங்கே எடுத்துக்காட்டு. மொழி குளோஜர். ரிச் ஹிக்கி 2007-இல் வெளியிட்ட செயல்சார் மொழி இது. ஜாவா மெய்நிகர் இயந்திரத்தின் மேல் ஓடுவது. பட்டியல், இட எண்ணால் எடுக்கக்கூடிய வெக்டர், விசையும் மதிப்புமாகச் சேர்த்து வைக்கும் அகராதி, கணம் ஆகிய நான்கும் இதில் மாறாதவை. திருத்தச் சொன்னால், திருத்தம் சேர்ந்த புதியது ஒன்று நம் கைக்கு வரும். பழையது இருந்தபடியே இருக்கும்.

கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் அவிழ்ந்துவிடும்: திரும்பி வந்த புதிய மதிப்பை யார் வாங்கிக்கொண்டார்கள்? அந்தக் கேள்விக்கு அடங்காதவையும் சில உண்டு. அவற்றில் மாறக்கூடிய ஏதோ ஒன்று எல்லை தாண்டி உள்ளே வந்திருக்கும்.

குளோஜரின் உள்ளமைந்த சார்புகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைகளைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். மொழிக்கு ஆட்சேபணை இல்லை. டெஃப், லெட் இரண்டும் ஒரு மதிப்புக்குப் பெயர் சூட்டுபவை; எஃப்என் ஒரு சார்பை எழுதுவது.

(டெஃப் ஆர்டர்
  {:ஊர் "கானாடுகாத்தான்" :அறை "முகப்பு" :அளவு 8 :கற்கள் 270 :நிலை "வார்ப்பு"})

8 அங்குலக் கல் சதுர அடிக்கு 2.25 பிடிக்கும். முகப்பு 120 சதுர அடி என்றால் 270 கற்கள். கண்ணாடிமேல் வார்ப்பது, தண்ணீர்த் தொட்டி, வெயில், அனுப்புதல் என்று நிலை நகர வேண்டும்.

மாற்றினேன், மாறவில்லை

அகராதியில் ஒரு விசைக்குப் புதிய மதிப்பு வைக்கும் அசாக் என்ற சார்பு ஓடுகிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் ஆர்டரைத் திறந்து பார்த்தால் நிலை இன்னும் "வார்ப்பு".

பட்டறைக் கணக்கைப் பார்க்கும் ஆச்சி இதைத் தெளிவாகவே சொன்னார்: "தம்பி, கானாடுகாத்தான் கல்லெல்லாம் காய்ந்து லாரியும் ஏறிவிட்டது. உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் இன்னும் வார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்." புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பையன், "மாற்றிவிட்டேன் ஆச்சி, நானே ஓட்டிப் பார்த்தேன்" என்று சத்தியம் செய்யாத குறை. அவன் எழுதியிருந்தது இது:

(டோசெக் [ஆர்டர் ஆர்டர்கள்]
  (அசாக் ஆர்டர் :நிலை "அனுப்பியது"))

சத்தியமே செய்திருந்தாலும் அது பொய்யாகியிருக்காது. அசாக் ஒவ்வொரு ஆர்டருக்கும் புதிய அகராதி ஒன்றைச் செய்து கொடுத்தது. டோசெக் அதை வாங்கிக் கீழே போட்டது. பக்கவிளைவுக்காக ஓடுவதுதான் டோசெக்கின் வேலை. உள்ளே பிறக்கும் மதிப்புகளை அது சேர்த்து வைக்காது, முடிவில் நில் என்று ஒன்றுமில்லாததைத் தரும். மாற்றும் மொழிகளில் பழகிய கைக்கு இந்த வடிவம் தானாக வரும். தீர்வு, ஒவ்வொன்றின் மேலும் ஓடிப் புதிய மதிப்புகளைத் திருப்பித் தரும் மேப்வி என்ற சார்பைக் கூப்பிட்டு, வருவதை ஒரு பெயரில் பிடிப்பது:

(லெட் [புதியவை (மேப்வி (எஃப்என் [ஆர்டர்] (அசாக் ஆர்டர் :நிலை "அனுப்பியது"))
                        ஆர்டர்கள்)]
  (சேமி புதியவை))

இதன் இன்னொரு முகம், ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று அசாக் வரிகள். மூன்றும் பழைய ஆர்டரிலிருந்தே தொடங்கும்; கடைசி வரியின் விளைவு மட்டும் வெளியே வரும். ஒன்றின் முடிவு அடுத்ததற்குள் போக வேண்டுமானால் அம்புக்குறியால் கோக்க வேண்டும்:

(-> ஆர்டர்
    (அசாக் :நிலை "அனுப்பியது")
    (அப்டேட் :கற்கள் + 10))

உடைசலுக்கென்று பத்துக் கல் கூடுதலாக அனுப்புவது வழக்கம். அந்தப் பத்து காணாமல் போனால் முதலில் இந்த இடத்தைத்தான் பார்ப்பேன்.

நாற்பது ஆர்டரில் எட்டு மட்டும் மிஞ்சுகிறது

முந்தைய நோயின் முற்றிய வடிவம் இது. சோதனையில் அகப்படாமல் நழுவுவதில் இதற்கு ஈடில்லை. வேகத்துக்காக டிரான்சியன்ட் பயன்படுத்தியிருப்பார்கள். ஒரே சார்புக்குள் அடங்கி, யாருக்கும் தெரியாமல் தற்காலிகமாக மாற்றிக்கொள்ள மொழி தரும் சலுகை அது. முடிவில் பெர்சிஸ்டன்ட்! அதை மீண்டும் மாறாததாக்கும்.

(லெட் [தற்காலிகம் (டிரான்சியன்ட் {})]
  (டோசெக் [ஆர்டர் ஆர்டர்கள்]
    (அசாக்! தற்காலிகம் (:எண் ஆர்டர்) ஆர்டர்))
  (பெர்சிஸ்டன்ட்! தற்காலிகம்))

ஐந்து ஆர்டரை வைத்துச் சோதித்தால் ஐந்தும் வரும். நாற்பதைக் கொடுத்தால் எட்டு வரும். சிறிய அகராதியைக் குளோஜர் ஒரு நேரான அரேயில் வைத்திருக்கிறது. அதில் எட்டு இணைகள் நிரம்பும்வரை, அசாக்! அந்த அரேயிலேயே எழுதிவிடும். திரும்பி வரும் மதிப்பை நீங்கள் உதறினாலும் தற்செயலாக வேலை நடந்துவிடும். ஒன்பதாவது வரும்போது அது ஹாஷ் (விசையிலிருந்து கணக்கிடும் எண்) அடிப்படையிலான வேறு அமைப்புக்கு மாறி, அந்தப் புதியதைத் திருப்பித் தருகிறது. நீங்கள் வைத்திருக்கும் பெயரோ பழைய அரேயையே சுட்டிக்கொண்டிருக்கிறது.

பெயரில் ஆச்சரியக்குறி இருந்தாலும் திரும்பி வருவதைத்தான் வாங்க வேண்டும். ஒவ்வொரு முடிவையும் அடுத்த சுற்றுக்குக் கொடுக்கும் ரிட்யூஸ் அதைச் செய்யும்:

(பெர்சிஸ்டன்ட்!
  (ரிட்யூஸ் (எஃப்என் [தற்காலிகம் ஆர்டர்]
             (அசாக்! தற்காலிகம் (:எண் ஆர்டர்) ஆர்டர்))
           (டிரான்சியன்ட் {})
           ஆர்டர்கள்))

வேகம் உண்மையிலேயே தேவைப்படாத இடத்தில் டிரான்சியன்ட் வேண்டாம். ஆர்டர் புத்தகம் அப்படிப்பட்ட இடம்தான். ஓர் அமைப்பில் உள்ளவற்றை இன்னொன்றில் சேர்க்கும் இன்டூ என்ற சார்பு உள்ளுக்குள் இதையே சரியாகச் செய்துகொள்கிறது, அதையே கூப்பிடுங்கள்.

ஒன்பதாவது அறையில் வரிசை கலைகிறது

அதே எட்டு, வேறு வேடத்தில். அறைப் பெயரை விசையாகவும் கல் எண்ணிக்கையை மதிப்பாகவும் வைத்து ஒரு வீட்டின் ஆர்டரை எழுதினால், முகப்பு, பட்டாலை, இரண்டாங்கட்டு என்று நீங்கள் எழுதிய வரிசையிலேயே ரசீது அச்சாகும். இரண்டு படுக்கையறை வீடுகளுக்கு மட்டும் விற்றிருந்தால் ஆயுள் முழுவதும் இந்தக் கோளாறு தலைகாட்டாமலே போயிருக்கும். செட்டிநாட்டு வீடு விடுமா? ஒன்பதாவது அறை சேர்ந்ததும் அகராதி ஹாஷ் அமைப்புக்கு மாறுகிறது. பின்கட்டு முதலில் வருகிறது, முகப்பு நடுவில் கிடக்கிறது.

அகராதி வரிசைக்கு உத்தரவாதம் தந்ததே இல்லை. சார்ட்டட்-மேப் என்ற ஒன்று இருக்கிறது; ஆனால் அது விசைகளை ஒப்பிட்டு அடுக்கும், வீட்டுக்குள் நடந்துபோகும் வரிசையில் அடுக்காது. அறைகளை வெக்டரில் வைத்து, ஒவ்வோர் அறையையும் ஓர் அகராதியாக்குவதே நேரான வழி.

கடைசியில் சேர்த்தது முதலில் வந்து நிற்கிறது

கான்ஜ் என்ற சார்பு, எந்த அமைப்புக்கு எங்கே சேர்ப்பது எளிதோ அங்கே சேர்க்கும். வெக்டருக்குக் கடைசியில், பட்டியலுக்கு முதலில். இதைப் பாடமாகப் படித்தவர்களும் சறுக்குவது, தாங்கள் கையில் வைத்திருப்பது இன்னும் வெக்டர்தான் என்று நம்பும் இடத்தில்.

ஒவ்வோர் உறுப்பின் மேலும் சார்பை ஓட்டும் மேப் வழியாகவோ, வேண்டியதை மட்டும் வடிகட்டும் ஃபில்டர் வழியாகவோ வெக்டரைச் செலுத்தினால் வெளியே வருவது வெக்டர் இல்லை, சீக்வன்ஸ் எனப்படும் வேறு வகை வரிசை. அதற்குக் கான்ஜ் போட்டால் தலையில் சேரும். திரையில் சதுர அடைப்புக்குறிக்குப் பதில் வளைந்த அடைப்புக்குறி தெரிகிறதா என்று பாருங்கள். நோய் அங்கேயே தெரிந்துவிடும். மேப்வி, ஃபில்டர்வி ஆகியவை வெக்டராகவே தரும்.

இன்னொரு வாசல் நில். இல்லாத விசையின் மேல் கான்ஜ் போடும்போது நடப்பது:

(அப்டேட் ஆர்டர் :குறிப்புகள் கான்ஜ் "கரை நீலம்")

:குறிப்புகள் இல்லை என்றால் கான்ஜுக்கு நில் போகிறது; அது பட்டியலைத் தொடங்குகிறது. அடுத்து எழுதும் குறிப்பு இதற்கு முன்னால் போய் நிற்கும். "முதலில் கரை நீலம் என்றார்கள், பிறகு பச்சை என்று மாற்றினார்கள்" என்ற கதை தலைகீழாகிப் பட்டறையில் நீலமே வார்த்துவிடுவார்கள். எஃப்நில் என்ற சார்பு, நில்லுக்குப் பதிலாக எதை வைக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்க உதவும்:

(அப்டேட் ஆர்டர் :குறிப்புகள் (எஃப்நில் கான்ஜ் []) "கரை நீலம்")

விசை இருக்கிறது, மதிப்பு கிடைக்கவில்லை

திரையில் ஊர் தெரிகிறது. (:ஊர் ஆர்டர்) என்று கேட்டால் நில். ஜேசன் என்ற தரவு வடிவத்திலிருந்து வந்த தரவில் விசைகள் சரங்களாக இருக்கும். "ஊர்" என்ற சரமும் :ஊர் என்ற விசைச்சொல்லும் ஒன்றில்லை. மேலும் மோசமானது, இந்த நிலையில் அசாக் செய்வது: பிழை எழுப்பாமல் :ஊர் என்று இரண்டாவது விசையை உருவாக்கிவிடும். ஒரே ஆர்டருக்கு இரண்டு ஊர்.

எக்செல் தாளிலிருந்து வந்தால் வேறு வகை. எண்கள் அங்கிருந்து பெரும்பாலும் தசம எண்ணாக வரும். அளவு 8 என்று நீங்கள் வைத்த விலைப்பட்டியலில் 8.0 என்ற விசையைத் தேடினால் கிடைக்காது; குளோஜரில் (= 8 8.0) பொய்.

அகராதிக்குள் அகராதியாக உள்ளே போய்த் திருத்தும் அசாக்-இன் என்ற சார்பு இன்னும் தாராளமானது. பாதையில் ஏதாவது இல்லை என்றால் போகிற வழியெல்லாம் புதிய அகராதி கட்டிக்கொண்டே போகும். [:அறைகள் 0 :கற்கள்] என்று கொடுத்து, :அறைகள் இல்லாமல் இருந்தால், வெக்டர் கிடைக்காது; 0 என்ற எண்ணையே விசையாகக் கொண்ட அகராதி கிடைக்கும். எழுத்துப்பிழையும் இப்படித்தான் புதுக் கிளையாக முளைக்கிறது.

மருந்து எல்லையில்தான் இருக்கிறது. தரவு உள்ளே நுழையும் ஒரே இடத்தில் விசைகளையும் எண்களையும் சரிசெய்துவிட்டு, அதற்குப் பிறகு உள்ளே எங்கும் சந்தேகப்படாமல் எழுதுங்கள். எது எப்போது நுழைந்தது என்று தெரியாவிட்டால், குளோஜர்.டேட்டாவில் உள்ள டிஃப் சார்புக்குப் பழைய ஆர்டரையும் புதிய ஆர்டரையும் கொடுங்கள். முதலாவதில் மட்டும் உள்ளவை, இரண்டாவதில் மட்டும் உள்ளவை, இரண்டிலும் உள்ளவை என்று மூன்றாகப் பிரித்துத் தரும். மாற்றும் மொழியில் இந்த வசதிக்காக முன்கூட்டியே ஒரு நகல் எடுத்து வைத்திருக்க வேண்டும். இங்கே பழையது தானாகவே கெடாமல் இருக்கிறது. பிழை தேடுகிறவர்கள் இதை ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததில்லை.

மாறக் கூடாதது மாறியிருக்கிறது

இந்த அறிகுறியைக் கண்டால் மொழியைச் சந்தேகிக்க வேண்டாம். அகராதி மாறவில்லை. அது சுட்டும் பொருள் மாறியிருக்கிறது.

மாறாமை குளோஜரின் அமைப்புகளுக்குத்தான். உள்ளே வைக்கும் ஜாவா பொருளுக்கு அந்தக் காப்பு கிடையாது. அனுப்பும் தேதியை ஜாவாவின் பழைய டேட் பொருளாக வைத்து, எங்கோ ஒரு மூலையில் நூலகம் ஒன்று அதன்மேல் செட்டைம் கூப்பிட்டால், அந்தப் பொருளைப் பகிரும் எல்லா ஆர்டர்களிலும் தேதி நகரும். நேற்றைய நகல் என்று பத்திரமாக வைத்திருந்ததிலும் நகரும். அமைப்புகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதால்தான் மாறாத தரவு சிக்கனமாக இருக்கிறது. அதே பகிர்வால் இந்தக் கோளாறும் எல்லா இடத்துக்கும் பரவுகிறது. 2014-இல் ஜாவா 8 கொண்டுவந்த லோக்கல்டேட் மாறாதது. தேதிக்கு அதையே வையுங்கள்.

ஜாவாவின் அரேலிஸ்ட், ஹாஷ்மேப் ஆகியவையும் இப்படியே. வெளி நூலகம் தரும் அரேலிஸ்டை (இன்டூ [] ...) வழியாக வெக்டராக்கி உள்ளே எடுங்கள். மாறும் பொருள் விசையாக இருந்தால் இன்னும் விசித்திரம் நடக்கும்: மாறியதும் அதன் ஹாஷ் மாறும், அகராதியில் கண்முன்னே இருக்கும் விசையைத் தேடினால் இல்லை என்று வரும்.

பலருக்குத் தெரியாத ஒன்று, கொடுத்ததை வெக்டராக்கித் தரும் வெக் என்ற சார்பு. ஜாவா அரேயைக் கொடுத்தால் அது அந்த அரேயையே பகிர்ந்துகொள்ளலாம்; பிறகு அந்த அரேயைத் தொடாதீர்கள் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. தொட்டால், மாறாத வெக்டர் உங்கள் கண்முன் மாறும்.

குறுஞ்செய்தி இரண்டு முறை போகிறது. ஆர்டர் எண்ணிக்கை குறைவாகக் காட்டுகிறது

இரண்டும் ஆட்டம் என்ற கொள்கலனைச் சுற்றி வருபவை. மாறாத மதிப்புகளுக்கு நடுவே "இப்போதைய நிலை எது" என்று சுட்ட வேண்டுமே, அதற்காக இருப்பது ஆட்டம். அதற்குள் இருக்கும் மதிப்பு மாறாது. எந்த மதிப்பைச் சுட்டுகிறது என்பது மாறும்.

ஆர்டர் எண்ணிக்கை குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த வரி (புத்தகம் என்பது ஆட்டம்; @ அதன் இப்போதைய மதிப்பைப் படிக்கும், ரீசெட்! புதியதை வைக்கும்):

(ரீசெட்! புத்தகம் (அசாக் @புத்தகம் எண் ஆர்டர்))

காரைக்குடிக் கடையிலும் ஆத்தங்குடிப் பட்டறையிலும் ஒரே நேரத்தில் ஆர்டர் பதிந்தால் இருவரும் ஒரே பழைய புத்தகத்தைப் படிக்கிறார்கள். பின்னால் எழுதியவர் முன்னவரின் ஆர்டரை அறியாமலே அழித்துவிடுகிறார். படிப்பதும் எழுதுவதும் பிரியாமல் இருக்க வேண்டும்:

(ஸ்வாப்! புத்தகம் அசாக் எண் ஆர்டர்)

இப்போது குறுஞ்செய்தி. ஸ்வாப்! எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் இந்தக் கோளாறு தானே புரியும். அது பழைய மதிப்பை எடுத்து, உங்கள் சார்பை ஓட்டி, எழுதப்போகும் நேரத்தில் "பழையது இன்னும் அதேதானா" என்று சரிபார்க்கிறது. நடுவில் வேறொருவர் எழுதியிருந்தால் கணக்கிட்டதை எறிந்துவிட்டுப் புதிய மதிப்பை வைத்து உங்கள் சார்பை மறுபடி ஓட்டுகிறது. வெறும் கணக்காக இருந்தால் எத்தனை முறை ஓடினாலும் நட்டமில்லை. அதற்குள் "உங்கள் கற்கள் கிளம்பிவிட்டன" என்று வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பும் வரி இருந்தால், அவருக்கு இரண்டு முறை போகும். கடையில் கூட்டம் இருக்கும் நாளில் மட்டும் இது நடக்கும். மறுநாள் உட்கார்ந்து தேடினால் அகப்படாது.

செய்தியை வெளியே எடுங்கள். பழையது புதியது இரண்டும் தெரிந்தால்தான் அனுப்ப வேண்டுமா என்று முடிவு செய்ய முடியும் என்றால், குளோஜர் 1.9-இல் வந்த ஸ்வாப்-வால்ஸ்! இரண்டையும் சேர்த்துத் தருகிறது:

(லெட் [[பழையது புதியது] (ஸ்வாப்-வால்ஸ்! புத்தகம் அனுப்பு எண்)]
  (வென் (நிலை-மாறியதா? பழையது புதியது எண்)
    (செய்தி-அனுப்பு எண்)))

தேடும்போது ஆட்-வாட்ச் வைத்தால், ஆட்டம் மாறும் ஒவ்வொரு முறையும் பழைய மதிப்பும் புதிய மதிப்பும் உங்கள் சார்புக்கு வரும். அங்கே டிஃப் போட்டுப் பதிவுக் கோப்பில் எழுதுங்கள்.

இதோடு சேர்ந்தது: ஒரே சார்புக்குள் @புத்தகம் என்று இரண்டு இடத்தில் எழுதாதீர்கள். இரண்டு வாசிப்புக்கு நடுவில் அது நகர்ந்திருக்கலாம். மொத்தமும் விவரமும் ஒத்துப்போகாது. ஒரு முறை எடுத்து லெட்டில் வைத்துக்கொண்டு அதையே பயன்படுத்துங்கள்.

ரெப்லில் ஓடுகிறது, நிரலில் ஓடவில்லை

மேப் சோம்பேறி. கேட்கும்வரை கணக்கிடாது. ஒரு வரியைத் தட்டியதும் ஓட்டி விடை காட்டும் ரெப்லில், முடிவை அச்சிட வேண்டியிருப்பதால் அது கேட்கிறது. நிரலின் நடுவில் யாரும் கேட்பதில்லை. பக்கவிளைவு வேண்டுமானால் டோசெக் அல்லது ரன்!. முதல் அறிகுறியில் டோசெக் தவறு, இங்கே அதுவே சரி. மதிப்பு வேண்டுமா விளைவு வேண்டுமா என்பதைப் பொறுத்தது.

கோப்பு மூடப்பட்டது என்ற பிழையும் இதே சோம்பலால் வருவதுதான். கோப்பைத் திறந்து வேலை முடிந்ததும் மூடிவிடும் வித்-ஓப்பனுக்குள் வரிகளை மேப் செய்து வெளியே அனுப்பினால், யாராவது கேட்கும் நேரத்தில் கோப்பு மூடியிருக்கும். உள்ளேயே மேப்வி, அல்லது எல்லாவற்றையும் உடனே கணக்கிட வைக்கும் டோஆல் போட்டு முடித்துவிடுங்கள். பிழைச்சுவட்டில் காட்டும் வரி, தவறு செய்த வரியாக இருக்காது; கேட்ட வரியாக இருக்கும்.

மெதுவாக ஓடுகிறது, நினைவகம் தின்கிறது

"ஒவ்வொரு திருத்தத்துக்கும் முழு நகல் எடுத்தால் மெதுவாகத்தானே இருக்கும்" என்பார்கள். முழு நகல் எடுப்பதில்லை. குளோஜரின் வெக்டர், கணுவுக்கு 32 கிளைகள் உள்ள மரம். நான்கு மட்டங்களில் 10,48,576 இடங்கள் அடங்கும். பத்து லட்சம் உறுப்புகளில் ஒன்றைத் திருத்தினால், வேரிலிருந்து அந்த இலைவரை வழியில் உள்ள நான்கு கணுக்கள்தான் புதிதாகப் பிறக்கும். மற்றதெல்லாம் பழையதோடு பகிர்வு. ஹாஷ் அகராதியும் ஃபில் பாக்வெல் வகுத்த ஹாஷ் மரத்தை அடிப்படையாகக் கொண்டு இதே முறையில்தான் இயங்குகிறது.

ஆகவே மெதுவாக ஓடினால் குற்றவாளி வேறு. பட்டியலில் எண்ணிட்டுத் தேடுவது, பெரிய வெக்டரில் கடைசி உறுப்புக்காக லாஸ்ட் கூப்பிடுவது இரண்டும் முதலிலிருந்து நடந்துபோகும். வெக்டருக்குப் பீக் இருக்கிறது, உடனே தரும். கன்டெய்ன்ஸ்? என்ற சார்பு வெக்டரில் மதிப்பைத் தேடாது, இடத்தைத்தான் கேட்கும். [270 300] என்பதில் 270 உண்டா என்றால் இல்லை என்று சொல்லும். தேடுவதற்குக் கணத்தை வையுங்கள்.

ரிட்யூஸுக்குள், வரிசைகளை ஒட்டும் கான்கேட் வைத்து ஆயிரக்கணக்கில் ஒட்டினால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பிழை வரும்; சோம்பல் அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஏறிக்கொண்டே போய், கடைசியில் முதல் உறுப்பைக் கேட்டதும் எல்லாம் ஒரேயடியாக அவிழப் பார்க்கும். இன்டூ போதும்.

நினைவகம் குறையவே மாட்டேன் என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, நீண்ட சோம்பல் வரிசையின் தலையை டெஃப் மூலம் ஒரு பெயரில் கட்டிவைத்திருப்பது. தலை கையில் இருக்கும்வரை கணக்கிட்ட உறுப்பு எதுவும் விடுபடாது. இன்னொன்று, வெக்டரின் ஒரு பகுதியை எடுக்கும் சப்வெக். மூல வெக்டரைப் பார்க்கும் ஜன்னல்தான் அது தருவது. ஆண்டுக்கணக்கான ஆர்டர்களில் கடைசிப் பத்தை மட்டும் சப்வெக்கால் எடுத்து ஆட்டத்தில் வைத்தால், பின்னால் மொத்த ஆர்டர்களும் உயிரோடு இருக்கும். வெக் போட்டும் பயனில்லை, ஏற்கெனவே வெக்டர் என்பதால் அதையே திருப்பித் தந்துவிடும். (இன்டூ [] (சப்வெக் ஆர்டர்கள் தொடக்கம்)) என்று புதிதாகக் கட்டினால் அந்தப் பத்து மட்டும் மிஞ்சும்.